நடக்காத குழுவின் ரத்தம்

செப்டம்பர் 10, புதன்

நாலரைக்கு எழுந்ததும் முதல் வேலை, ஃபிரீசரிலிருந்து ஐஸ் தட்டுகளை எடுத்துத் தெர்மகோல் பெட்டியில் தட்டியது. பல்கூடத் துலக்கவில்லை. நான்கு தட்டு போதவில்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் நேற்றே வைக்கச் சொல்லியிருந்த இரண்டு டப்பாவையும் கதவைத் தட்டி வாங்கிக்கொண்டேன். வெக்கை. விடிவதற்குள்ளேயே கழுத்தெல்லாம் நசநசப்பு. மூட்டம் போட்டிருக்கிறது, பெய்யாது.

இவர் படுத்தபடியே கேட்டார்: "இன்னைக்கு எந்த ஊரு ரத்தம்?"

"ஆவூர். இதோட முடிஞ்சுது."

"காட்டேரிக்கு வயிறு நெறஞ்சுச்சாக்கும்."

கொண்டுபோனவை: ஊதா மூடிக் குழாய் 15 (கூட மூன்று). ஒட்டுத் தாள், மார்க்கர். பஞ்சு. வினாப் படிவம். ரொட்டி, வாழைப்பழம் (எடுத்த பிறகு கொடுக்க). ரத்தம் எடுக்கும் கலா ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் தயாராக நின்றாள். ஊரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடமாக எனக்கு அவள்தான் கை.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆவூர்ல மீன் யாவாரமா?" கலா சொன்னாள், "போகையில ஐஸ்தாண்ணே. வரையில பாருங்க." திரும்பும்போதும் அதே பஸ், அதே ஆள். பெட்டியில் என்ன என்று சொன்னதும் எங்கள் சீட் பக்கமே வரவில்லை.

கோயிலை ஒட்டிய மன்றத்தில் பதினைந்து பேரும் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. எல்லாம் ஆரோக்கியமேரியின் வேலை. தையல் மெஷின் போட்டிருக்கிறார், என் வயதுதான். பதினைந்து பேரையும் பன்னிரண்டு வாரமாகக் கட்டிக் காத்தது அவர்.

"சீக்கிரம் உறிஞ்சுங்க டீச்சர். மயக்கமா வருது." ஒருத்தி கையை நீட்டினாள்.

"ஒனக்கு எந்நாளுந்தான் மயக்கம். அதுக்கு டீச்சர் என்ன பண்ணுவாங்க?" பின்னால் யாரோ.

எல்லோர் முகத்திலும் களைப்பு. வேளாங்கண்ணித் திருவிழா முந்தாநாள்தான் முடிந்தது, போய் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படிவத்தை நானே வாசித்து, நானே டிக் போட்டேன். இந்தப் பன்னிரண்டு வாரத்தில் புதிதாக மருந்து? இல்லை. காய்ச்சல்? இல்லை. உடற்பயிற்சி ஏதேனும் செய்தீர்களா? இல்லை, இல்லை, இல்லை. பதினைந்து 'இல்லை'.

பெட்டியை மடியில் வைத்து, ஆடாமல் கொண்டுவந்து, பத்தரைக்குள் சுழற்றிப் பிளாஸ்மா பிரித்தாயிற்று. கலாவுக்கு இடது கையில் சுளுக்கு, சொல்லவே இல்லை. தைலம் கொடுத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கல்லூரி உடற்கல்வித் துறைக்கு அரைநாள் விடுப்பு சொல்லியாயிற்று. வேதியியல் துறை ஆய்வகத்தில் காலை எட்டிலிருந்து.

பிளாஸ்மாவில் அமிலம் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் இளஞ்சிவப்பு ஏறும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு எம்.டி.ஏ. உடம்பிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனால் கெட்டதற்கு அது அடையாளம். ஊர்ப் பெண்களிடம் நான் சொல்வது: கடலை எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகிறது இல்லையா, அந்த மாதிரி நம் ரத்தத்திலும் கொஞ்சம் காறல் உண்டு, ஒழுங்காக நடந்தால் அது குறைகிறதா என்று பார்க்கிறேன். இந்த ஒரு உதாரணத்துக்காகவே என்னை 'எண்ணெய் டீச்சர்' என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு.

வல்லத்திராக்கோட்டைப் பெண்கள் பதினைந்து பேர், வாரம் ஐந்து நாள், முக்கால் மணி நேர வேகநடை. தொடங்கும் முன் ஜூனில் எடுத்ததோடு ஒப்பிட்டு, அவர்களுடையதைப் போன வாரமே பார்த்துவிட்டேன். குறைந்திருந்தது. கொண்டாடும் அளவுக்கு இல்லை, ஆனால் குறைந்திருந்தது. ஆவூர்ப் பெண்கள் பதினைந்து பேர் வழக்கம்போல் இருக்க வேண்டியவர்கள், ஒப்பிடுவதற்கான கன்ட்ரோல் குழு. ஒரு ஊரைப் பார்த்து இன்னொரு ஊர் நடக்க ஆரம்பித்துவிடக் கூடாது என்று புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்றாகப் பொறுக்கினேன். அந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இன்று ஆவூர்க் குழாய்களை வரிசையாக எடுத்து வைத்தபோது கண்ணாலேயே தெரிந்தது. நல்ல சிவப்பு. கருவி வேண்டியதே இல்லை. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஏறித்தான் இருக்கிறது.

ஆக, நடந்தவர்களுக்கு இறக்கம், நடக்காதவர்களுக்கு ஏற்றம். இரண்டுக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளியை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

நடக்காதவர்களுக்கு மாறாமல்தானே இருக்க வேண்டும், ஏன் ஏறியது? இந்தக் கேள்வி வந்தது. வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். வந்தும், அதன் மேல் மூடி போட்டுவிட்டு வழிகாட்டி சாருக்கு போன் செய்தேன்.

"பிரமாதம்மா தேன்மொழி! நான் சொன்னேன்ல? இருபத்தாறாந்தேதி கமிட்டி கூடுது. ஒன்னையும் சேத்துடறேன். சினாப்சிஸ் குடுத்துட்டா மத்ததெல்லாம் தானா நடக்கும்."

பிஎச்.டி.யில் இது ஏழாவது வருடம். டிசம்பரோடு இரண்டாவது நீட்டிப்பும் முடிகிறது, அதற்கு மேல் கிடையாது. சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார், நான்தான் அவருடைய கடைசி மாணவி. இரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் நிம்மதி.

இரவு சாப்பாட்டுக்கு இவர் கடையில் பரோட்டா வாங்கிவந்தார். "டாக்டரம்மா சமைக்கக் கூடாது." சால்னாவில் எண்ணெய் மிதந்தது. முழுக்கச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மண்டலக் கபடிக்குப் பெண்கள் அணித் தேர்வு. இரண்டாமாண்டு கணக்கு மாணவி ஒருத்தி, ஒல்லி, மூச்சை அப்படிப் பிடிக்கிறாள். வீட்டில் அனுப்ப மாட்டார்களாம். அவள் அப்பாவிடம் பேச வேண்டும்.

முதல்வர் வராந்தாவில் நிறுத்தி, "அடுத்த வருசம் டாக்டர்னு போர்டு எழுதிடலாமா மேடம்?" வேறெப்போதும் என் பெயர்கூட அவருக்கு நினைவில் இருப்பதில்லை.

மாலையில் மைதானத்தைச் சுற்றி ஓடிப் பார்த்தேன், ஆறு மாதத்துக்குப் பிறகு. மூன்று சுற்றில் விலாவில் பிடித்தது. கல்லூரி நாளில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். மற்றவர்களை நடக்கவைத்துக் குறிப்பெடுத்தே என் கால் மரத்துவிட்டது. ஆய்வகத்தில் செய்முறை பழகுவதற்கு முதன்முதலில் சோதித்தது என் சொந்த ரத்தத்தை. நல்ல சிவப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறக்கக் கூடாதவை: பச்சைச் சேலைக்கு ஃபால்ஸ். தேங்காய். கலாவுக்கு நன்றிக் கடிதம்.

செப்டம்பர் 13, சனி

காலை லேசான தூறல், தரைகூட நனையவில்லை. ஆவூருக்குப் போனேன். ரத்தச்சோகை, சர்க்கரை முடிவுகளை அவரவர் கையில் கொடுப்பதாக ஆரம்பத்திலேயே வாக்கு.

ஆரோக்கியமேரி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அன்னக்கூடைப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, உப்புக் கரைத்துக் காலை உள்ளே விட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் யாருடைய ஜாக்கெட்டோ, கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர், இங்கிட்டு ஒக்காருங்க. எந்திரிக்க முடியல, கோவிச்சுக்காதீங்க."

"காலுக்கு என்ன?"

காலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். சில உடைந்து தோல் உரிந்திருந்தது.

"வருசா வருசம் வாரதுதான். பத்து நாள்ல காஞ்சுரும். இந்தத் தடவை ரோட்டுல சல்லி கொட்டி வச்சிருந்தாங்க, அதான்."

"எந்த ரோட்டுல?"

"வேளாங்கண்ணி ரோட்டுலதான்."

"நடந்தா போனீங்க?"

"பின்ன? மாதாவுக்கு நேந்துக்கிட்டு ஏசி பஸ்ஸுலயா போறது? மூணாந்தேதி பூசை முடிஞ்சு கெளம்புனோம். ஏழாந்தேதி சாயந்தரம் போய்ச் சேந்தோம். தேரைப் பாத்துட்டு எட்டாந்தேதி ராத்திரி வேன்ல ஏறுனா, ஒம்பதாந்தேதி பொழுது விடிய வீட்டுல. மறுநா காலையில நீங்க ஊசியோட வந்துட்டீங்க."

"நம்ம குழுவுல யாரெல்லாம் போனது?"

விரல்விட்டு எண்ணினார். பதினொரு பேர். செவ்வந்திக்கு மூட்டு வலி, அவள் போகவில்லை. லூர்துமேரி மகளுக்குப் பிரசவ நேரம். இன்னும் இரண்டு பேர் இந்துக்கள், அவர்கள் சமயபுரத்துக்குத்தான் நடப்பார்களாம், அது வேறு மாதம்.

"நான் படிவத்துல கேட்டேனேம்மா. உடற்பயிற்சி உண்டான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன்."

ஆரோக்கியமேரி என்னை விநோதமாகப் பார்த்தார். "அது ஒடற்பயிற்சியா டீச்சர்? அது வேண்டுதல்ல? கையக் கால ஆட்டுறதுதானே நீங்க சொல்றது." பிறகு என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, குரல் இறங்கிவிட்டது. "ஏன், நாங்க எதும் தப்புப் பண்ணிட்டோமா? ஒங்க படிப்பு நல்லபடியா முடியணும்னு ஒரு மெழுகுவத்தி கூடக் கொளுத்துனேனே."

தப்பே இல்லை என்றேன். மெய்யாகவே அவர்கள் தப்பு இல்லை. மோர் கொடுத்தார், குடித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஞாபகம் வந்தது. போன வாரம் கீரனூர் பக்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காவிச் சேலைகள், முன்னால் சின்னச் சப்பரம், ஓரமாக வெறுங்காலோடு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. வருடா வருடம் பார்க்கிற காட்சி. அந்தக் கூட்டத்தில் என் கன்ட்ரோல் குழு இருந்ததோ என்னவோ. புதுக்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆவணியில் ஆவூர்க்காரர்கள் எங்கே போவார்கள் என்று தெரியாத வெளியூர்க்காரியா?

வீட்டுக்கு வந்ததும் அட்டவணையை எடுத்தேன். போகாத நான்கு பேரின் எண்ணும் ஜூனில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போன பதினொன்றும் ஏறியிருக்கிறது. ஒன்றுகூட விலகவில்லை. பழக்கமில்லாத உடம்பு ஒரே மூச்சில் நான்கைந்து நாள் வெயிலில் நடந்தால் காறல் ஏறத்தான் செய்யும், கொஞ்ச நாளில் தணியும். இதைப் பாடமாகவே நடத்துகிறவள் நான்.

என் 'நடக்காத குழு' இந்த மாவட்டத்திலேயே அதிகம் நடந்த குழு.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் சாருக்கு போன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏம்மா போய்க் கேட்டே?"

"கேக்கலை சார். காலைப் பாத்தேன்."

"படிவத்துல என்ன இருக்கு?"

"இல்லைன்னு இருக்கு."

"அப்ப இல்லைதான். அவங்க சொன்னதைத்தானே நீ எழுதுனே? பொய்யா எழுதுனே? கேளும்மா. வல்லத்திராக்கோட்டைப் பொண்ணுங்களுக்கு எறங்கியிருக்கு. அது நெசம். பன்னெண்டு வாரம் அவங்க நடந்தது நெசம். நீ ஏழு வருசம் அலைஞ்சது நெசம். இதுல ஒரு கோயில் நடையைக் கொண்டாந்து குறுக்க போட்டா கமிட்டி என்ன சொல்லும்? மறுபடி முதல்லேருந்து செய்னு சொல்லும். ஒனக்கு ஏது நேரம்? எனக்கு ஏது?"

கோபமில்லை அவர் குரலில். கெஞ்சுகிற மாதிரி இருந்தது, அதுதான் கஷ்டம். என் முதல் படிவத்தில் எழுத்துப்பிழை திருத்தியவர். வீட்டில் இவருக்கு நெஞ்சுவலி வந்த வருடம் பல்கலைக்கழகம் முழுக்க அலைந்து முதல் நீட்டிப்பு வாங்கித் தந்தவர்.

அவர் சொன்னதில் பாதி சரி. இறங்கியது பொய்யில்லை. ஆனால் நான் எழுதப்போவது இறக்கத்தை மட்டும் அல்ல, இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ஆரோக்கியமேரியின் கொப்புளம்.

வழிகள்:
1. சும்மா இருப்பது. யாருக்கும் தெரியாது. ஆவூரில் யாரும் ஆய்வேடு படிக்கப்போவதில்லை.
2. பதினொரு பேரைக் கழிப்பது. மிச்சம் நான்கு. நான்கு பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
3. உள்ளதை எழுதி இருபத்தாறாம் தேதி கொடுப்பது. சார் கையெழுத்துப் போட மாட்டார்.
4.

நான்காவது எண்ணைப் போட்டுவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். குக்கர் நான்கு விசில் கூடுதலாக அடித்துவிட்டது. சாதம் குழைந்து போயிற்று. இவர் தயிர் விட்டுப் பிசைந்துகொண்டார். பிறகு, "என்ன, ரத்தம் சரியில்லையா?" என்றார். தலைவலி என்றேன்.

செப்டம்பர் 15, திங்கள்

ஐந்தரைக்கு வல்லத்திராக்கோட்டை. போக வேண்டிய அவசியமில்லை, பன்னிரண்டு வாரக் கணக்கு முடிந்து பத்து நாளாகிறது. ஏரிக்கரையில் ஒருத்தியாவது நிற்கிறாளா பார்க்கலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். இரவு எங்கேயோ மழை, காற்று குளிர்ந்திருந்தது.

பதின்மூன்று பேர் நடந்துகொண்டிருந்தார்கள். நான் இல்லை, விசில் இல்லை, வருகைப் பதிவு இல்லை. அங்கன்வாடி வசந்தா முன்னால், கையில் என்னுடைய பழைய நிறுத்துக் கடிகாரம்.

"வாங்க டீச்சர்! இன்னிக்கு லேட்டு, ரெண்டு சுத்துக் கூட." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். பேசிக்கொண்டே அந்த வேகத்தில் நடக்க எனக்கு மூச்சு வாங்கியது, அவர்களுக்கு வாங்கவில்லை.

"எப்ப நிறுத்தப் போறீங்க?"

"எதுக்கு நிறுத்தணும்? வீட்டுல இருந்தா அதுக ஒவ்வொண்ணா டீ கேக்கும். இந்த முக்காமணி நேரந்தான் எங்களுக்குன்னு இருக்கு."

"நடவு வந்தா?"

"நாங்க யாரு நடவுக்குப் போறவ? தையல், கடை, அங்கன்வாடின்னு ஒக்காந்த எடத்துல இருக்கவளாப் பாத்துத்தானே பொறுக்குனீங்க? இப்பக் கேக்குறீங்க."

கடைசிச் சுற்றில் வசந்தா பக்கத்தில் வந்தாள். "டீச்சர், அந்த ஊர்ப் பொம்பளைங்க ரத்தமும் பாத்தாச்சாம்ல. கலாக்கா சொன்னுச்சு. நாங்க ஜெயிச்சோமா?"

பதினொரு பேர் வெறுங்காலோடு நடந்து ஏற்றிக்கொண்ட எண்ணை வைத்து, நீ ஜெயித்தாய் என்று இவளிடம் சொல்ல வேண்டும். பிறகு கமிட்டியிடம். பிறகு வருடம் முழுக்க வகுப்பில், டாக்டர் என்ற பலகைக்குக் கீழே நின்று.

"இன்னும் முடியலை வசந்தா," என்றேன். வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

பகலெல்லாம் வகுப்பு. கபடிப் பெண்ணின் அப்பாவிடம் போனில் பேசினேன். யோசிக்கிறாராம். மூன்று மணிக்குச் சாரிடமிருந்து குறுஞ்செய்தி: "பெயர் சேர்த்தாயிற்று. அட்டவணைகளை நாளை மாலைக்குள் அனுப்பு." பதில் போடவில்லை.

மாலை நாட்காட்டியை மேசையில் விரித்துக் கணக்குப் போட்டேன். ஆவூர்க்காரர்கள் நடந்து முடித்து இன்றோடு எட்டு நாள். அக்டோபர் கடைசி என்றால் ஏழு வாரத்துக்கும் கூடுதல். அதற்குள் ஏறியது தணிந்துவிட வேண்டும். ஜூனில் எடுத்தது கையில் இருக்கிறது. வல்லத்திராக்கோட்டைக்காரர்கள் எப்படியும் நடந்துகொண்டேதான் இருப்பார்கள். பன்னிரண்டு வாரம் இருபது ஆகும், அதில் என்ன? அதே வாரத்தில் இரண்டு ஊரிலும் மறுபடி எடுக்க வேண்டும். முப்பது பேர், முப்பது ஊசி. படிவத்தைப் புதிதாக எழுத வேண்டும்: நடந்தீர்களா, எங்கே, எத்தனை நாள், எதற்காக. வேண்டுதல், துக்கம், கல்யாணம், தண்ணீர்க் குடம், எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உடற்பயிற்சி என்ற சொல்லே அதில் இருக்கக் கூடாது. ஆவூரின் இந்தச் சிவப்பையும் தூக்கியெறியப் போவதில்லை. அது தனியாக ஒரு அத்தியாயம், அவர்கள் நடந்தார்கள் என்ற தலைப்போடு.

இறக்கம் சின்னதாகத்தான் வரும். வித்தியாசம் வராமலேகூடப் போகலாம். டிசம்பருக்குள் எழுதி முடிக்க முடியாமல் போகலாம். போனால் புதிதாகப் பதிவு செய்வேன், வேறு வழிகாட்டியைத் தேடுவேன், ஐம்பது வயதில் முடிப்பேன்.

நாளை மாலைக்குள் சார் கேட்ட அட்டவணை போகாது. காலையில் பதிவாளருக்கு நானே கடிதம் கொடுத்து இருபத்தாறாம் தேதிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடப் போகிறேன். கடிதத்தை எழுதி, மடித்து, கைப்பையில் வைத்தாயிற்று. சாருக்குத் தெரியாது. கலாவுக்குத் தெரியாது. இவர் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார், இவருக்கும் இன்னும் தெரியாது.